உறைந்து நிற்கும் கோப்பு வழங்கி

பதுளை மாவட்டத்தில், 2,000 மீற்றரையும் கடந்த உயரத்தில் எழுந்து நிற்கிறது நமுனுகுல மலைத்தொடர். ஒன்பது சிகரங்கள் என்பது அந்தச் சிங்களப் பெயரின் பொருள். அதன் சரிவெங்கும் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். லயத்துக் காம்பராக்களில் தகரப் பெட்டிகள். பிறப்புச் சான்றிதழும் சேமலாப நிதிக் கடிதமும் குடியுரிமைப் பத்திரமும் அப்பெட்டிகளிலேயே உறங்குகின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி இந்நாட்டில் பிறந்திருப்பது மட்டும் போதவில்லை. தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்தவர் என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டுவதற்குத் தாள் இல்லாமையால் நாடற்றோராய் நின்ற இலட்சக்கணக்கானோரின் வழிவந்தவர்களுக்கு ஒரு தாளின் பெறுமதியை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் இதே மாவட்டத்தின் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, மனிதரோடு அவர்தம் ஆவணங்களும் புதையுண்டன.

ஆதலால், தாள்களை வருடியெடுத்துக் கணினியில் சேமிக்கும் முயற்சி மலையகத்தில் வெறும் பொழுதுபோக்காகாது. பழைய மேசைக் கணினி ஒன்றில் இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவி, வீட்டிலுள்ள எல்லாரும் வலைப்பின்னல் வழியே பயன்படுத்தும் கோப்பு வழங்கியாக ஒருவர் அதை ஆக்கியிருக்கிறார் என்று கொள்வோம். சிறு கோப்புகள் சிக்கலின்றிச் செல்கின்றன. பெருந்தொகுதி ஒன்றை அனுப்பினாலோ சில நிமிடங்களில் எல்லாம் உறைந்து நிற்கிறது. குற்றம் எங்கே? அதைக் காணும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

கொழுந்து மலையிலிருந்து மடுவத்துக்கு வருகிறது. நிறுக்கப்பட்டு லொறியில் ஏறுகிறது. தொழிற்சாலையில் வாட்டும் தட்டுகளில் பரப்பப்படுகிறது. தட்டுகள் நிறைந்துவிட்டால் லொறி வாசலில் நிற்கும். லொறி வராவிட்டால் மடுவத்தில் கொழுந்து குவியும். மலையில் நிற்பவருக்குத் தெரிவதோ ஒன்றுதான்: வேலை நின்றுவிட்டது. கோப்பின் பயணமும் இத்தகையதே. அனுப்பும் கணினி, வடம், வலைப்பின்னல் அட்டை, நினைவகம், வன்தட்டு என்னும் வரிசையில் எவ்விடத்தில் தேக்கம் நேர்ந்தாலும் திரையில் தோன்றும் காட்சி ஒன்றே. எனவே காட்சியைக் கொண்டு காரணத்தைத் துணிதல் தவறு. வரிசையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதித்தலே நெறி.

முதலில் வினவ வேண்டியது: நின்றது கோப்பின் பயணமா, கணினியேயா? வழங்கியில் நேரடியாக விசைப்பலகையைப் பொருத்திப் பார்க்க வேண்டும். விசைக்கு மறுமொழி வந்தால் கணினி உயிரோடு எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்கும் அசையாவிடில் நினைவகம், மின் வழங்கல், வெப்பம், அட்டையை இயக்கும் மென்பொருள் ஆகியவற்றின் மீது ஐயம் திரும்பும். உறையும் கணினி தன் கடைசிக் குறிப்பைத் தன் தட்டிலேயே எழுத இயலாமற் போவதுண்டு. அதனால் அதன் நிகழ்வுப் பதிவை வேறொரு கணினிக்கு அனுப்பி வைத்தல் நன்று.

அடுத்தது பிரிப்பு. ஐபெர்ஃப் என்னும் கருவி ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்குத் தரவை அனுப்பும். வன்தட்டை அது தொடாது. அச்சோதனையிலும் தடை நேர்ந்தால் பிழை வடத்திலோ அட்டையிலோ இடையிலுள்ள ஆளியிலோ இருக்கிறது. கிகாபிற்று ஈதர்நெற் செக்கனுக்கு 125 மெகாபைற்று வரை சுமக்க வல்லது. அதற்கு வடத்தின் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். ஓர் இணை பழுதுபட்டால் இணைப்பு பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கும், அல்லது விட்டுவிட்டு அறுபடும். மூடுபனியும் ஈரமும் நீங்காத மலைவீட்டில் வடமுனையின் செப்பு களிம்பேறுவது இயல்பு. வடத்தை மாற்றிப் பார்ப்பதே மலிவான மருந்து.

வலைப்பின்னலின் தேக்கம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 1986 ஒக்டோபரில் அமெரிக்காவின் பேர்க்லியில், ஏறக்குறைய 400 யார் இடைவெளியில் இருந்த இரு நிலையங்களுக்கிடையே தரவின் வேகம் செக்கனுக்கு 32,000 பிற்றிலிருந்து 40 பிற்றாகச் சரிந்தது. வழி நெருக்குண்டபோது ஒவ்வொரு கணினியும் தொலைந்ததை மீண்டும் மீண்டும் அனுப்பி நெருக்கடியைப் பெருக்கியதை வான் ஜேக்கப்சன் ஆராய்ந்து அறிந்தார். 1988இல் அவர் வெளியிட்ட தீர்வின் சாரம், அனுப்புவோர் மெல்லத் தொடங்கி, தடை கண்டவுடன் தாமே அடங்குதல் என்பதாகும். இன்று நம் வீட்டுக் கோப்பும் அந்த அடக்கத்தின் துணையோடுதான் பயணம் செய்கிறது.

வலைப்பின்னல் குற்றமற்றது எனத் தெரிந்தால், வழங்கியின் உள்ளேயே பெருங்கோப்பு ஒன்றை எழுதி வன்தட்டைச் சோதிக்க வேண்டும். லினக்ஸ் வருவதை முதலில் நினைவகத்தில் ஏற்றுப் பின்னர் தட்டில் எழுதும். எழுதப்படாதது நினைவகத்தின் குறித்த பங்கை எட்டியதும், அனுப்புவோரை நிறுத்திவைக்கும். விரைந்து தொடங்கிச் சட்டென நின்று, மீண்டும் தானே ஓடும் பயணத்துக்கு இதுவே பொதுக் காரணம். இங்கு கணினி பழுதில்லை, தட்டுத்தான் மெதுவானது.

சில தட்டுகள் மெதுவாவதற்கு அவற்றின் அமைப்பே காரணம். லயத்துக் கூரையில் ஒரு தகரத்தின் விளிம்பின்மேல் அடுத்த தகரம் படிந்திருக்கும். கீழேயுள்ளதை மாற்ற மேலேயுள்ளவற்றைக் கழற்ற வேண்டும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதும் வன்தட்டுகளும் அவ்வாறே. கொள்ளளவு மிகும், ஆயினும் ஒரு தடத்தைத் திருத்த, அதை ஒட்டிய தடங்கள் பலவற்றையும் திரும்ப எழுத வேண்டும். நீண்ட எழுத்தின்போது அவை மூச்சுவாங்கி நிற்கும். தேய்ந்த தட்டின் நிலையோ இதனினும் கொடிது. படிக்க இயலாத பகுதியை அது விடாது முயன்றுகொண்டே இருக்கும். மேசைக் கணினித் தட்டு ஒரு நிமிடத்துக்கு மேலும் அவ்வாறு முயலக்கூடும். லினக்ஸோ இயல்பாக 30 செக்கன் பொறுத்து, மறுமொழி இல்லையெனில் இணைப்பை மீளத் தொடக்கும். வழங்கிகளுக்கென ஆக்கப்பட்ட தட்டுகள் ஏறத்தாழ 7 செக்கனில் தோல்வியை அறிவித்துவிடுவது இதன் பொருட்டே. தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் ஏட்டில், ஐயத்துக்குரிய பகுதிகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இரு சோதனைகளும் தனித்தனியே தேறி, இரண்டும் சேர்ந்தபோது மட்டும் கணினி உறைந்தால், சுமையில் தளரும் உறுப்பைத் தேடுக. மின் வழங்கலிலுள்ள மின்பகுபொருட் கொள்ளளவியின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை ஏறும்தோறும் ஏறக்குறையப் பாதியாகும். தலை புடைத்த கொள்ளளவி முதுமையை வெளிப்படையாகக் கூறும். சித்திரையிலும் ஐப்பசியிலும் ஊவா மலைகளில் இடி முழங்கும் மாலைகளில், மின்னலின் பாய்ச்சல் மின்கம்பி வழியாக மட்டுமன்றித் தொலைபேசி வடம் வழியாகவும் உட்புகும். எனவே இரண்டையும் கழற்ற வேண்டும். புவித்தொடுப்பும் செவ்வையாக இருக்க வேண்டும். நினைவகத்தை ஓரிரவு முழுதும் ஓடும் சோதனைக்கு உட்படுத்துக. பிழை ஒன்று வந்தாலும் அந்த நினைவகத்தை நம்பலாகாது.

இத்தனைக்கும் உயிரானவை இரண்டு ஒழுக்கங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதையும் விளைந்ததையும் கொப்பியில் எழுதுக. மூன்றை ஒருங்கே மாற்றியபின் கணினி ஓடினால் நோய் தீர்ந்திருக்கலாம்; அறிவு வளர்ந்திராது. இரண்டாவது, சோதனைக்கு வெற்றுக் கோப்புகளையே பயன்படுத்துக. பாட்டனின் பத்திரத்தை வைத்துப் பழுது பார்த்தல் கூடாது.

2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் போன்ற பொதுமுயற்சிகளோடு, வீட்டு வழங்கியும் சிறு தோழமை கொள்ளத்தக்கது. மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒரு படி வேற்றூரில் என்பது உலகறிந்த விதி. பதுளை நகரிலோ அட்டனிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு தட்டு இருந்தால், மண்சரிவும் மின்னலும் ஒருசேர அழிக்க இயலாது.

படியெடுத்து முடிந்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் 256 பிற்று நீளமுள்ள சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, இருபுறமும் ஒப்பிடுக. ஒரே ஒரு பிற்று மாறியிருந்தாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். எண்கள் ஒத்துவந்த பின்னரே அந்தப் படியை நம்பலாம். அதன்பிறகும் தகரப் பெட்டியை ஈரம் படாத இடத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, முன்போலவே பூட்டி வைக்க வேண்டும்.