தெள்ளுப்பூச்சிக்குமா நன்றி?

'வேலை போச்சு, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில... இதுல ஆண்டவருக்கு நன்றி வேற சொல்லணுமா?' என்று உங்களுக்குக் கோபம் வருகிறதா? நியாயம்தான். கோரி டென் பூம் என்ற பெண்மணிக்கும் அப்படித்தான் வந்தது.

ஹாலந்தில் ஹார்லெம் நகரைச் சேர்ந்தவர் அவர். நாஜிகளிடம் சிக்காமல் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக, 1944 பிப்ரவரியில் குடும்பத்தோடு கைதானார். வயதான அப்பா பத்தே நாளில் காவலில் இறந்துபோனார். கோரியையும் அக்கா பெட்ஸியையும் பிறகு ஜெர்மனியிலுள்ள ராவன்ஸ்ப்ரூக் முகாமில் அடைத்தார்கள்.

நெரிசலான கொட்டடி. படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி! 'இதற்கும் நன்றி சொல்வோம்' என்றார் அக்கா. தங்கைக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வராமலிருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அதனால்தான் ஒளித்துக் கொண்டுவந்த பைபிளை மற்ற பெண்களோடு சேர்ந்து படிக்க முடிந்தது.

'அப்போ நன்றி சொன்னா எல்லாம் சரியாயிடுமா?' இல்லீங்க. அந்த டிசம்பரிலேயே பெட்ஸி முகாமில் இறந்தார். கோரி மட்டும் விடுதலையானார். நன்றி என்பது துன்பத்தை விரட்டும் மந்திரமல்ல. துன்பத்தின் நடுவிலும் தேவன் நம்மோடு இருக்கிறார் என்று பற்றிக்கொள்வது. அழக் கூடாது என்றும் அர்த்தமில்லை. சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை!

உடம்புக்கும் இதனால் நன்மை உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோயாளிகள் சிலர் 21 நாட்கள் தினமும் நன்றிக்குரியவற்றை எழுதினார்கள். நோய் மாறவில்லை. ஆனால் மனசு லேசானது, தூக்கமும் மேம்பட்டது.

நீங்களும் செய்து பாருங்கள்:

* படுக்குமுன் முதலில் மனக்குறையை ஜெபத்தில் கொட்டிவிடுங்கள். மறைக்க வேண்டாம்.

* பிறகு நோட்டில் மூன்று வரி. 'பக்கத்து வீட்டு அக்கா ரசம் கொடுத்தனுப்பினாங்க' என்பது போல, அன்று நடந்த சின்ன விஷயமே போதும்.

* அதில் ஒருவருக்காவது மறுநாள் நேரிலேயே நன்றி சொல்லுங்கள்.

இன்னொன்று: துக்கத்திலிருப்பவரிடம் போய், 'நன்றி சொல்லுங்க, சரியாப் போயிடும்' என்று உபதேசிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

இன்றிரவு ஒரு வரிதான் எழுத வருகிறதா? பரவாயில்லை, அந்த ஒன்றை எழுதுங்கள்!