ஆத்தோரம் டென்ட் போடப் போறீங்களா? பில்லுல வராத செலவை முதல்ல பாருங்க



போன வருஷம் ஜூலை மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சே காலுக்கு என் சித்தி பையன் போன் பண்ணினான். வயசு 26. சரவணம்பட்டியில ஐடி வேலை. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு முன்னாடி அவன் கண்ணு முழிச்சு நான் பார்த்ததில்லை.

"அண்ணா, யுபிஐல அனுப்புன காசைத் திரும்ப வாங்க முடியுங்களா?"

அதுதான் முதல் கேள்வி. மீதிக் கதையை அப்புறம்தான் சொன்னான்.

டீம்ல எட்டுப் பேர். இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம். ஆத்தோரம் டென்ட், கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, காலையில ஆத்துக் குளியல், ஆளுக்கு 2,800 ரூபாய். எட்டுப் பேருக்கு 22,400. "முழுப் பணமும் அட்வான்ஸா போட்டாத்தான் ஸ்லாட் கன்ஃபர்ம்"னு சொன்னதும் போட்டுட்டாங்க. இடம், மேட்டுப்பாளையத்துக்கு மேல, பவானி ஆத்தங்கரை. மணல் திட்டு மேல நாலு டென்ட். கூட்டிட்டுப் போன ஆள் அடுப்பைப் பத்த வச்சுக் கொடுத்துட்டு, "காலையில வர்றேன்"னு கிளம்பிட்டார்.

ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் லைட்டோட ஊர்க்காரங்க ரெண்டு பேர் வந்து எழுப்பியிருக்காங்க. "யாரு உங்களை இங்க படுக்கச் சொன்னது? மேல அணையில தண்ணி திறக்கறாங்க. மொதல்ல எந்திரிங்க." பையைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஏறினாங்க. விடியக்காலையில திரும்பிப் பார்த்தா டென்ட் போட்ட இடத்துல ஆறு ஓடுது. கூட்டிட்டுப் போனவரோட போன் சுவிட்ச் ஆஃப்.

என் தொழில் பணக் கணக்குப் பார்க்கறது. ஆனா அன்னைக்கு நான் அவனுக்குச் சொன்னது ஒண்ணுதான். "தம்பி, 22,400 போனது ரொம்பச் சின்ன விஷயம். அந்த ரெண்டு பேர் வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு மட்டும் யோசி."

இந்த மாதிரி ஆத்தோர, காட்டோர கேம்ப்புக்குப் போகாதீங்கன்னு சொல்ல வரலை. நானே போறவன். எதுக்குக் காசு கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுங்கன்னுதான் சொல்றேன்.

அந்த 2,800-ல இல்லாத ஒண்ணு

பவானி ஒரு வித்தியாசமான ஆறு. நீலகிரியில பொறந்து, கேரளாவுக்குள்ள அட்டப்பாடி வழியா ஒரு சுத்து சுத்தி, மறுபடி நம்ம பக்கம் பில்லூர் அணைக்கு வருது. அங்கிருந்து நெல்லித்துறை, மேட்டுப்பாளையம்னு கீழ இறங்குது. கோயம்புத்தூர்ல நாம குடிக்கற தண்ணியில ஒரு பங்கு இந்த பில்லூர் தண்ணிதான்.

பில்லூர் அணையோட முழு உயரம் 100 அடி. தென்மேற்குப் பருவமழை நேரத்துல 97 அடியைத் தொட்டுட்டா, உபரித் தண்ணியை அப்படியே ஆத்துல விடுவாங்க. அது போக இது மின்சாரம் எடுக்கற அணை. அதுக்காகத் தண்ணி விட்டாலும் கீழ ஆறு சட்டுனு ஏறும். அதாவது, நீங்க படுத்திருக்கற இடத்துல ஒரு சொட்டு மழை இல்லாம, வானம் நிறைய நட்சத்திரம் இருக்கும்போதே ஆத்துல தண்ணி கூடலாம். மணல் திட்டு காலியா இருக்கேன்னு நினைப்போம். தண்ணி அடிக்கடி வந்து போறதாலதான் அங்க மரம், செடி எதுவும் இல்ல.

இதெல்லாம் தெரிஞ்ச ஒரு ஆள் ராத்திரி பூரா கூட இருக்கறதுதான் கேம்ப்போட உண்மையான விலை. டென்ட் துணிக்கும் சிக்கனுக்கும் 2,800 கொடுத்த எட்டுப் பேருக்கும் அந்த ஆள் கிடைக்கலை.

அனுமதி ஒரு ஃபார்மாலிட்டி இல்ல

2018 மார்ச் 11-ஐ நம்ம பக்கம் மறந்திருக்க மாட்டாங்க. தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீ. மலையேறப் போனவங்கள்ல 23 பேர் இறந்தாங்க. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. நிறையப் பேர் உங்களை மாதிரியே வாரக் கடைசியில கிளம்பின, வேலைக்குப் போற இளைஞர்கள். அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ங்கற பேர்ல 40 பாதைகளை வனத்துறையே ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி திறந்தாங்க. ஒவ்வொரு பாதைக்கும் வழிகாட்டி உண்டு.

காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது, தீ மூட்டறது எல்லாம் தமிழ்நாடு வனச் சட்டம், 1882-படி குற்றம். "நாங்க டூரிஸ்ட், தெரியாம வந்துட்டோம்"னு சொல்றது அங்க எடுபடாது. வேலை மாறும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடக்கற காலம் இது. ஒரு வார இறுதிக்காக உங்க பேர்ல ஒரு வழக்கு இருக்கறது நல்லதில்லை.

அதே ஆறு, வேற கணக்கு

இதுல வேடிக்கை என்னன்னா, இவங்க படுத்திருந்த இடத்துக்கு மேல, அணைக்கு அந்தப் பக்கம், அதே பவானியில முறையான இடம் பல வருஷமா இருக்கு. பரளிக்காடு.

கோயம்புத்தூர்ல இருந்து சுமார் 70 கிலோமீட்டர். காரமடை, வெள்ளியங்காடு தாண்டினா மலைப்பாதை. பில்லூர் நீர்த்தேக்கத்தோட ஓரத்துல வனத்துறை நடத்தற சூழல் சுற்றுலா. வழக்கமா சனி, ஞாயிறுதான். முன்பதிவு இல்லாம போக முடியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுப் பரிசல்ல கூட்டிட்டுப் போவாங்க. பரிசல் ஓட்டறது அந்தப் பகுதி பழங்குடி மக்கள். சமைக்கறது அவங்க வீட்டுப் பெண்கள். ராகி களியும் கீரையும் சாப்பிட்டுப் பாருங்க, பார்பிக்யூ மறந்து போயிடும். ராத்திரி தங்கணும்னா பக்கத்துல பவானிக் கரையிலேயே பூச்சமரத்தூர்ல வனத்துறை தங்குமிடம் இருக்கு. சொகுசு எதிர்பார்க்காதீங்க. கூரை, படுக்கை, பக்கத்துல ஆறு, சுத்தியும் காடு. மது, பிளாஸ்டிக் ரெண்டுக்கும் தடை. போன்ல சிக்னலும் பெரும்பாலும் இருக்காது.

பகல் பயணத்துக்கு மட்டும் தோராயமா ஒரு கணக்குப் போடுவோம். நாலு பேர், ஒரு கார்.

* போக வர 150 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா 10 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சா 1,000. ஆளுக்கு 250.
* வழியில டிபன், டீ: ஆளுக்கு 200.
* பரிசலும் மதியச் சாப்பாடும் சேர்ந்த கட்டணம்: ஆளுக்குச் சில நூறு ரூபாய். இது மாறிக்கிட்டே இருக்கும். போறதுக்கு முன்னாடி வனத்துறையோட பக்கத்துல பாருங்க.

எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,500-க்குள்ள முடிஞ்சிடும். அதுல ஒரு பங்கு பரிசல் ஓட்டறவருக்கும் சமைக்கறவங்களுக்கும் போகுது. அந்தப் பக்கம் 2,800 கொடுத்து ஒரு மணல் திட்டு. எது மலிவுன்னு நீங்களே சொல்லுங்க.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்கறீங்களா?

"கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 5 லட்சம் இருக்குங்ணா"ன்னான் தம்பி. நல்லது. ஆனா அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும்தான். கால் உடைஞ்சு ஆறு மாசம் சம்பளம் இல்லாம போனா அது பேசாது. நிரந்தர ஊனமானாலோ, இறந்து போனாலோ வீட்டுக்குப் பணம் வர்றதுக்கு அது வழி இல்ல.

அதுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வேணும். வங்கிக் கணக்கு இருந்தா பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவுல வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் கவர். 18-லிருந்து 70 வயசு வரைக்கும் எடுக்கலாம். இது ஆரம்பம்தான். உங்க சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி தனியா ஒண்ணு எடுங்க. உங்க வருமானத்தை நம்பி வீட்டுல யாராவது இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

எடுக்கும்போது 'எதுக்கெல்லாம் பணம் தர மாட்டோம்'ங்கற பக்கத்தைப் படிங்க. சாகச விளையாட்டுகளும், சட்டத்தை மீறின செயலால வந்த விபத்தும் பல பாலிசிகள்ல அந்தப் பட்டியல்ல இருக்கும். அனுமதி இல்லாத இடத்துல நடந்த விபத்துக்கு க்ளெய்ம் கேட்டுப் போறது எவ்வளவு பெரிய தலைவலின்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் சொல்றேன், அனுமதிக் கட்டணத்தைச் செலவா பார்க்காதீங்க, பிரீமியமா பாருங்க.

பணம் எங்கிருந்து வரணும்?

ஊர் சுத்தற காசு கிரெடிட் கார்டுல இருந்து வரக் கூடாது. 60,000 ரூபாய்க்கு ஒரு ட்ரிப் போயிட்டு, மாசம் 5% மட்டும், அதாவது 3,000 கட்டறீங்கன்னு வைங்க. மாச வட்டி 3.5%னா 2,100. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 378. அசல்ல கழியறது வெறும் 522 ரூபாய்! போட்டோவுக்கு லைக் வர்றது நின்னு ரொம்ப நாளாகியும் நீங்க கட்டிக்கிட்டே இருப்பீங்க.

அதுக்குப் பதிலா மாசம் 1,500 ரூபாய் ஒரு ஆர்டி போடுங்க. பேரே 'ஊர் சுத்தற கணக்கு'ன்னு வைங்க. வருஷத்துக்கு 18,000. பரளிக்காடு மாதிரி ரெண்டு பயணம், கூடவே ஒரு பெரிய பயணம், கடன் இல்லாம முடியும்.

டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஹெட்லைட்னு 8,000 ரூபாய்க்கு வாங்கி வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை எடுத்தா அந்த ஒரு தடவைக்கு விலை 8,000. முதல் ரெண்டு மூணு பயணத்துக்கு வாடகைக்கு எடுங்க. பிடிச்சா வாங்கலாம். பூச்சமரத்தூர் மாதிரி இடத்துக்கு டென்ட்டே தேவையில்லை.

நிறையப் பேர் கேட்கறதால இன்னொண்ணு. எல்டிஏ-வுல தங்கற பில், சாப்பாட்டு பில் எதுவும் வராது. இந்தியாவுக்குள்ள போன பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் விலக்கு, அதுவும் நாலு வருஷத்துல ரெண்டு தடவை. நீங்க புது வரி முறையில இருந்தா அந்த விலக்கே கிடையாது. டென்ட் பில்லை எச்ஆருக்கு அனுப்பாதீங்க.

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. இடம் யாருடையது? பட்டா நிலமா, புறம்போக்கா, காப்புக்காடா? அனுமதிக் கடிதத்தோட நகல் கேளுங்க.
2. ராத்திரி பூரா கூட இருக்கப் போற உள்ளூர் ஆள் யாரு?
3. தண்ணி ஏறினாலோ, யானை வந்தாலோ எந்த வழியா வெளியேறணும்?
4. பில் கொடுப்பீங்களா? சின்ன ஆட்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லாம இருக்கலாம். ஆனா பேரும் முகவரியும் உள்ள ஒரு ரசீது யாராலயும் கொடுக்க முடியும்.
5. ரத்து பண்ணினா எவ்வளவு திரும்ப வரும்? வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. முழுப் பணமும் முன்னாடியே போடாதீங்க.

பணம் போயிடுச்சுன்னா, மோசடிக்கு உடனே 1930. சேவைக் குறைபாட்டுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் நடக்கலைன்னா நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் புகார்க் கட்டணம் கிடையாது.

என் தம்பி ரெண்டு எண்ணுக்கும் கூப்பிட்டான். இன்னைக்கு வரைக்கும் ஒரு ரூபாய் வரலை. பில் இல்ல, முகவரி இல்ல, கையில இருந்தது ஒரு யுபிஐ பேர் மட்டும். அந்த இன்ஸ்டா பக்கமும் அடுத்த வாரமே காணாம போயிடுச்சு.

இந்த ஜனவரியில நாங்க எல்லாரும் குடும்பமா பரளிக்காடு போனோம். பரிசல் கொஞ்ச தூரம் போனதும், ஓட்டிக்கிட்டிருந்த அண்ணன் துடுப்பை நிறுத்திட்டு எதிர்க்கரையைப் பார்த்தார். எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. "இன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாமுங்க, ஆனை நிக்குது"ன்னு பரிசலைத் திருப்பிட்டார். முன்னாடியா இருந்தா, "காசு கொடுத்திருக்கோமே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாமுங்க"ன்னு தம்பி சண்டைக்கே நின்னிருப்பான். அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. கரைக்கு வந்ததும் அந்த அண்ணன்கிட்ட, "மழைக்காலத்துல இங்க தண்ணி எதுவரைக்குங்ணா ஏறும்?"னு மட்டும் கேட்டான். அவர் எங்க தலைக்கு மேல இருந்த ஒரு மரத்தோட கிளையைக் காட்டினார்.

உங்க அடுத்த பயணத்தை புக் பண்றதுக்கு முன்னாடி, இன்னைக்கே அந்த 1,500 ரூபாய் ஆர்டியை ஆரம்பிச்சிடுங்க. விபத்துக் காப்பீட்டுல எதெல்லாம் பார்க்கணும்னு அடுத்த வீடியோவுல விவரமா சொல்றேன். அந்த அஞ்சு கேள்வியையும் உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டு வைங்க. பத்திரமா போயிட்டு வாங்க!