உழைப்பு உயர்ந்தால் உதவித்தொகை போகும்: தில்லி கைம்பெண்களின் வருமான வரம்புச் சிக்கல்

புது தில்லி: கிழக்கு தில்லியின் திரிலோக்புரியிலிருந்து மயூர் விஹார் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நோக்கிக் காலை வேளையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து செல்வது அன்றாடக் காட்சி. சமையல், துப்புரவு, துணி தைத்தல், முதியோரைப் பராமரித்தல், வீடு தேடிச் சென்று அழகுக்கலைப் பணி செய்தல் எனத் தலைநகரின் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் இத்தகைய உழைப்பை நம்பியே இயங்குகின்றன.

இத்தகைய பணிகளில் ஈடுபடும் கைம்பெண்களுக்கு, வேலை கிடைக்க வேண்டுமே என்பதோடு மற்றொரு கவலையும் உண்டு. வேலை கூடினால் அரசு தரும் உதவித்தொகை நின்றுவிடுமோ என்பதே அது. விதிகளைப் பார்த்தால் அந்த அச்சம் வீணானது அல்ல.

விதி என்ன?: கணவரை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர், கைவிடப்பட்டோர் ஆகியோருக்கு தில்லி அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. 1,500 ரூபாயாக இருந்த இத்தொகை 2017-இல் 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டு வருமான உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதாவது, மாதத்துக்கு 8,333 ரூபாய்.

இதோடு மற்றொரு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி பெறாத தொழிலாளிக்கு தில்லி அரசே 2025 ஏப்ரலில் அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாய், ஆண்டுக்கு 2.21 லட்சம் ரூபாய். ஒருவர் உயிர் வாழக் குறைந்தது இவ்வளவு தேவை என அரசு அறிவித்த தொகையில் பாதிகூட உதவித்தொகைக்கான உச்சவரம்பு இல்லை.

மத்திய அரசின் திட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 1995 ஆகஸ்ட் 15-இல் தொடங்கப்பட்ட தேசிய சமூக உதவித் திட்டத்தில், கைம்பெண்களுக்கான ஓய்வூதியம் 2009-இல் சேர்க்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள கைம்பெண்களுக்கு மத்திய அரசின் பங்காக மாதம் 200 ரூபாய் அளிக்கப்பட்டது. 2012-இல் அது 300 ரூபாயானது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும், நாடாளுமன்ற ஊரக வளர்ச்சி நிலைக்குழு பலமுறை வலியுறுத்தியும் அத்தொகை உயரவில்லை.

500 ரூபாயின் விலை: வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுத்து மாதம் 8,000 ரூபாய் ஈட்டும் ஒரு கைம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 96,000 ரூபாய். உதவித்தொகை 30,000 ரூபாயைச் சேர்த்தால் 1,26,000 ரூபாய்.

அக்கம்பக்கத்தில் நற்பெயர் பரவி, மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,02,000 ரூபாயாகி வரம்பைக் கடந்துவிடும். உதவித்தொகை முழுவதும் நிற்கும். கூடுதலாகக் கிடைத்தது 6,000 ரூபாய். கைவிட்டுப் போனது 30,000 ரூபாய். பழைய நிலையை எட்டவே அவர் மாதம் 10,500 ரூபாய் ஈட்டியாக வேண்டும். இடைப்பட்ட உழைப்பு அனைத்தும் இழப்பை ஈடுகட்டவே செலவாகும்.

2025 தில்லி சட்டப்பேரவைத் தேர்தலின்போது, கைம்பெண் உதவித்தொகையை 3,000 ரூபாயாக உயர்த்துவதாக பாரதிய ஜனதா கட்சி வாக்குறுதி அளித்தது. வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு தொகையை மட்டும் உயர்த்தினால், வரம்பைத் தாண்டுவோரின் இழப்பு ஆண்டுக்கு 36,000 ரூபாயாகும்.

கடன் ஒருபுறம், வரம்பு மறுபுறம்: சுயதொழில் தொடங்குமாறு ஏழைப் பெண்களை அரசே ஊக்குவிக்கிறது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் பிணையின்றி 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையல், சலவை, முடிதிருத்தம் ஆகியனவும் உண்டு. கருவிகள் வாங்க 15,000 ரூபாயும், முதற்கட்டமாக 5 சதவீத வட்டியில் 1 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் வழங்கப்படுகின்றன.

அந்த ஒரு லட்சத்தை 18 மாதங்களில் அடைக்க, மாதத் தவணை ஏறத்தாழ 5,800 ரூபாய். வருமானம் 8,333 ரூபாய்க்குள் இருக்கும் பெண், தவணை போக 2,500 ரூபாயில் எப்படிக் குடும்பம் நடத்துவார்? கடனை ஒழுங்காக அடைத்தால் உதவித்தொகைத் துறையின் கேள்விக்கு ஆளாவார்; உதவித்தொகையைக் காத்துக்கொள்ள நினைத்தால் வங்கியின் கேள்விக்கு ஆளாவார். ஓர் அலுவலகம் வளரச் சொல்கிறது. மற்றோர் அலுவலகம் வளராதிருந்தால்தான் உதவி என்கிறது.

வீட்டுப் பணிகளின் இயல்பும் இந்த ஆண்டுக் கணக்குக்குள் அடங்குவதில்லை. தீபாவளி, திருமண மாதங்களில் தைக்க நேரம் போதாது. பிற மாதங்களில் இயந்திரம் ஓய்ந்து கிடக்கும். ஊதியச் சீட்டு இல்லை. கூலி ரொக்கமாகவே வருகிறது. நூல், பழுதுபார்ப்பு, மின்கட்டணம் ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே உண்மையான வருமானம் என்பதைக் கணக்கெழுதிக் காட்டவும் வழியில்லை. எனவே உள்ளதைச் சொல்பவர் உதவியை இழக்கிறார். சொல்லாதவர் சோதனைக்கு அஞ்சியே காலம் தள்ளுகிறார். உண்மைக்குத் தண்டனை அளிக்கும் விதி, ஏழைகளைப் பொய்யர்களாக்குகிறது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செல்பேசிச் செயலி நிறுவனங்கள் வழியே பணிபுரிவோரை முதன்முறையாகக் கணக்கில் கொண்டுள்ளது. அந்நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்காகச் செலுத்த வேண்டும். ஆனால், எந்தச் செயலியையும் சாராமல் தாமாகவே வீடு வீடாகச் சென்று பணிபுரியும் பெண்ணுக்காக அப்படிப் பணம் செலுத்த நிறுவனம் எதுவும் இல்லை.

மாற்று வழி உண்டா?: பிரிட்டனின் 'யுனிவர்சல் கிரெடிட்' திட்டத்தில், வேலை செய்து ஈட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் மட்டுமே உதவித்தொகையில் குறைக்கப்படுகிறது. 63 பென்ஸாக இருந்த இக்குறைப்பு 2021 இறுதியில் தளர்த்தப்பட்டது. அத்திட்டத்தின்மீதும் குறைகள் கூறப்படுகின்றன. எனினும், எவ்வளவு உழைத்தாலும் ஒரு பங்காவது உழைத்தவர் கையில் நிற்கும் என்பது அதன் அடிப்படை.

வருமானக் கணக்குகள் முறையாக இல்லாத இந்தியாவில் அதை அப்படியே பின்பற்றுவது கடினம். ஆனால், செய்யக்கூடியவை சில உண்டு. உச்சவரம்பைக் குறைந்தபட்ச ஊதியத்தோடு இணைக்கலாம். வரம்பைத் தாண்டியதும் முழுத்தொகையை நிறுத்தாமல், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கலாம். அரசுக் கடன் பெற்றுத் தொழில் தொடங்கியோருக்கு, கடன் முடியும்வரை உதவித்தொகை தொடரும் என உறுதியளிக்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. திட்ட விதிகளைத் திருத்தினாலே போதும்.

தகுதியற்றோர் உதவி பெறக் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஆனால், மாதம் 500 ரூபாய் கூடுதலாகத் தைத்துச் சம்பாதித்த கைம்பெண், அதனாலேயே தகுதியற்றவர் ஆகிவிடுவாரா? கூடுதல் துணியைத் தைப்பதா, வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதா என அவர் தயங்கி நிற்கும் நிலையை மாற்ற வேண்டிய பொறுப்பு ஆட்சியாளர்களுடையது.