தாதியர் நெஞ்சம்

நோயாளியைத் தொட்டுப் பணிபுரிவதே தாதியின் தொழில். தொடுவதற்கே உலகம் அஞ்சிய நோயொன்று தோன்றியபோது அத்தொழில் என்னவாயிற்று? தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணும் நம் மாணவியர் இதனை அறிந்திருத்தல் நன்று.

1983ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோ பொது வைத்தியசாலையில், எயிட்ஸ் நோயாளருக்கென 5பி என்னும் வார்டு திறக்கப்பட்டது. படுக்கைகள் பன்னிரண்டே. அதனை அமைத்தவர் கிளிஃப் மொரிசன் என்னும் ஆண் தாதி. கட்டளையின் பேரில் எவரும் அங்கு அனுப்பப்படவில்லை. தாமாக முன்வந்தவர்களே பணியாற்றினர். நோயாளியின் கையைப் பற்றினர். அணைத்து ஆறுதல் கூறினர். அவர் எவரைத் தம் குடும்பம் என்றாரோ அவரையே உறவினராக ஏற்றனர். முதல் மருந்து 1987இல்தான் வந்தது. உயிர் காக்கும் கூட்டு மருந்துகள் 1996 அளவிலேயே பரவின. அதுவரை, தம் வயதொத்த இளைஞர் ஒருவர்பின் ஒருவராக மறைவதைக் கண்டுகொண்டே அவர்கள் படுக்கை விரித்தனர்.

தமிழகத்தில், 1986ஆம் ஆண்டு, டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் இக்கிருமியை முதன்முதல் கண்டறிந்தனர். 1928இல் காசநோய்க்கெனத் தொடங்கிய தாம்பரம் சானடோரியமே பின்னர் இந்நோயாளருக்கும் புகலிடமாயிற்று. இந்திய அரசின் இலவச மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது அதுவும் ஒரு நிலையமாக இருந்தது.

அச்சம் தாதியர்க்கு இல்லையா? உண்டு. கிருமியுள்ள இரத்தம் படிந்த ஊசி ஆயிரம் முறை தைத்தால் ஏறத்தாழ மூவருக்கே தொற்றும். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள்கள் உட்கொண்டால் அந்த அபாயமும் பெரிதும் குறையும். கணக்கு இவ்வளவே. ஆயினும் அந்த 28 இரவுகளையும் கணக்கால் கடக்க இயலுமோ? கணவனிடம் சொல்வதா, மறைப்பதா? குழந்தையை முத்தமிடும்போது நெஞ்சு ஏன் நடுங்குகிறது? முத்தத்தால் தொற்றாது என நோயாளிகளுக்கு நாள்தோறும் சொல்பவள் அவளேதான்!

இனி நம் வட்டகொடைப் பக்கம் வருவோம். இலங்கையில் தாயிடமிருந்து சேய்க்கு இக்கிருமி பரவுதல் ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. அதற்கு அடிப்படை கர்ப்பிணிகளின் இரத்தப் பரிசோதனை. தோட்டத்து மேடு பள்ளம் ஏறி இறங்கி, கர்ப்பிணியைக் கிளினிக்குக்கு வரச் செய்யும் குடும்பநல மாதின் கால்களுக்கும் அச்சான்றில் பங்குண்டு.

லயத்துக் காம்பிராவின் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் இருமினால் மறுவீட்டில் கேட்கும். இத்தகைய இடத்தில் இரகசியம் காப்பது எளிதன்று. "எங்க மருமக ஏன் அடிக்கடி நுவரெலியாவுக்குப் போகுது, மிஸ்ஸி?" என மாமியார் கேட்டால், பொய்யும் சொல்லாமல் உண்மையும் உடையாமல் விடையளிக்க வேண்டும். மலைநாட்டில் இதுவே மருந்தூட்டுவதினும் கடினமான பணி என்பது நம் எண்ணம்.

இன்று மருந்தை ஒழுங்காக உண்பவர் நீண்டகாலம் வாழ்கிறார். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவாலும் பிறர்க்குத் தொற்றுவதில்லை. மரணத்தைக் கண்டு அழுத தாதிக்கு, இப்போது ஆண்டுக்கணக்கில் நீளும் பழக்கம் வாய்த்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவரைக் கண்டால் கோபமும் வருகிறது. கோபித்தால் அவர் மறுமாதம் வாரார். ஆதலின் அதனையும் விழுங்கிக்கொண்டு, "சாப்பிட்டீர்களா?" என்றே பேச்சைத் தொடங்குகிறாள்.