ரயில் எஞ்சினின் இழுவிசையும் திறனும்

ரயில் எஞ்சின் அல்லது தொடருந்து உந்துபொறி என்பது இருப்புப் பாதையில் பயணிகள் பெட்டிகளையும் சரக்குப் பெட்டிகளையும் இழுத்துச் செல்லும் ஊர்தி ஆகும். நீராவி, டீசல், மின்சாரம் என இதில் மூன்று முதன்மையான வகைகள் உள்ளன. 1804-இல் 10 டன் இரும்பை மெதுவாக இழுத்துச் சென்ற எஞ்சினில் தொடங்கிய இவ்வளர்ச்சி, இன்று 12,000 குதிரைத்திறன் கொண்ட மின்சார எஞ்சின் வரை வந்துள்ளது. எஞ்சினின் திறனைப் பெருக்குவது இவ்வரலாற்றின் ஒரு பகுதி மட்டுமே. அத்திறனைச் சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்திற்குக் கடத்துவது எப்படி என்ற கேள்வி தொடக்கம் முதல் இன்றுவரை தொடர்கிறது.

இழுவிசை, திறன், பிடிமானம்

இழுவிசை என்பது பெட்டிகளை எஞ்சின் இழுக்கும் விசை. திறன் என்பது அவ்விசையை வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட்டுக்குச் சமம். நிற்கும் ரயிலைக் கிளப்ப இழுவிசை வேண்டும். ஓடும் ரயிலின் வேகத்தைத் தக்கவைக்கத் திறன் வேண்டும்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மீது உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில் மிதமான வேகத்தில் ஒரு டன் எடையை நகர்த்த ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். ரயில் போக்குவரத்து சிக்கனமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இதே வழவழப்பு எஞ்சினுக்குத் தடையாகவும் அமைகிறது. இயக்கு சக்கரங்களின் மேல் அழுந்தும் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே, உலர்ந்த தண்டவாளத்தில், பொதுவாக இழுவிசையை நம்பிப் பெறலாம். மழை, எண்ணெய், உதிர்ந்த இலைகள் ஆகியவற்றால் இது மேலும் குறையும். அந்த வரம்பை மீறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இதைத் தடுக்கவே எஞ்சின்களில் மணல் பெட்டி வைக்கப்பட்டு, சக்கரத்தின் முன்னால் மணல் தூவப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, எல்லாச் சக்கரங்களும் இயக்கப்படும் 120 டன் எஞ்சின் சுமார் 30 டன் இழுவிசையைத் தரமுடியும். அது 1,000 டன் ரயிலை நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் இழுக்கும்போது தேவைப்படும் விசை ஏறத்தாழ 14.5 டன். ஆகவே பிடிமானம் போதுமானது. ஆனால் அந்த ஏற்றத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தைக் காக்கச் சுமார் 3,200 குதிரைத்திறன் வேண்டும். அவ்வளவு இல்லாத எஞ்சினும் ஏற்றத்தை ஏறிவிடும். வேகம் மட்டும் குறையும். பிடிமானம் போதாத எஞ்சினோ, எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் ஏறாது.

தொடக்ககால நீராவி எஞ்சின்கள்

1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின், தெற்கு வேல்ஸின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து 10 டன் இரும்பையும் சுமார் 70 பேரையும் ஏற்றிய வண்டிகளை இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 16 கி.மீ. சென்றது. வழவழப்பான சக்கரம் சுமையை இழுக்கும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் குதிரை வண்டிகளுக்காகப் போடப்பட்டிருந்த வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் எஞ்சினின் எடை தாங்காமல் உடைந்தன.

இதனால் ஒரு முரண்பாடு எழுந்தது. எஞ்சின் கனமாக இருந்தால் தண்டவாளம் உடையும். இலேசாக இருந்தால் சக்கரம் வழுக்கும். லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள மிடில்டன் பாதையில் ஜான் பிளென்கின்சாப் 1812-இல் ஒரு தீர்வைக் கொண்டுவந்தார். தண்டவாளத்தின் பக்கவாட்டில் பற்களை அமைத்து, எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைப் பற்றி நகரும்படி செய்தார். அடுத்த ஆண்டே வில்லியம் ஹெட்லி, ஆட்கள் கைப்பிடியால் சுழற்றும் சோதனை வண்டி ஒன்றின் மூலம், போதிய எடையும் ஒன்றோடொன்று இணைந்த சக்கரங்களும் இருந்தால் பற்கள் தேவையில்லை என்று காட்டினார். அவர் உருவாக்கிய 'பஃபிங் பில்லி' எஞ்சின் இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நீராவி எஞ்சின் இயங்கும் முறை

நிலக்கரி எரியும்போது உண்டாகும் சூடான வளி, கொதிகலனுக்குள் உள்ள குழாய்களின் வழியே சென்று, சுற்றியுள்ள நீரை ஆவியாக்குகிறது. அழுத்தம் மிகுந்த ஆவி சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பிஸ்டனுடன் இணைந்த தண்டுகள் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. வேலை முடித்த ஆவி புகைபோக்கி வழியாக வேகமாக வெளியேறுகையில் அடுப்பினுள் காற்றை இழுக்கிறது. எஞ்சின் கடுமையாக உழைக்க உழைக்க நெருப்பும் தானாகவே கூடுதலாக எரியும். நீராவி ரயிலின் 'குப் குப்' ஓசை இந்த ஆவி வெளியேறும் ஓசைதான்.

ராபர்ட் ஸ்டீவன்சன் உருவாக்கி 1829-இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற 'ராக்கெட்' எஞ்சினில் ஒரே பெரிய குழாய்க்குப் பதிலாக 25 செப்புக் குழாய்கள் இருந்தன. நீரைத் தொடும் பரப்பு பெருகியதால் ஆவி விரைவாக உண்டாயிற்று. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. இங்கிலாந்தின் 'மல்லார்ட்' 1938-இல் மணிக்கு 203 கி.மீ. வேகத்தை எட்டியது. அமெரிக்காவில் 1941 முதல் கட்டப்பட்ட 25 'பிக் பாய்' எஞ்சின்கள் ஒவ்வொன்றும் 16 இயக்கு சக்கரங்களுடன் சுமார் 6,300 குதிரைத்திறன் அளவுக்கு இழுத்தன. இவற்றிற்கு மனிதர் அள்ளிப்போடும் நிலக்கரி போதாது என்பதால் இயந்திரமே நிலக்கரியை ஊட்டியது. ஆயினும் நிலக்கரியின் வெப்ப ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலான நீராவி எஞ்சின்களில் இழுவிசையாக மாறவில்லை.

நீலகிரி மலை ரயில்

பிளென்கின்சாப்பின் பற்சக்கர எண்ணம் மலைப்பாதைகளில் மீண்டும் உயிர்பெற்றது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயில் 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. இங்குச் சாதாரணச் சக்கரப் பிடிமானத்தை நம்ப இயலாது. பாதையின் நடுவிலுள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தில் உருவான 'எக்ஸ்' வகை எஞ்சின்களில் சாதாரணச் சக்கரங்களுக்கு இரண்டும் பற்சக்கரங்களுக்கு இரண்டுமாக நான்கு சிலிண்டர்கள் உள்ளன. எஞ்சின் பள்ளப் பக்கத்தில் நின்று பெட்டிகளைத் தள்ளிச் செல்கிறது.

டீசல் எஞ்சின்

டீசல் பொறி நிலக்கரி அடுப்பைவிடப் பன்மடங்கு சிக்கனமானது. ஆனால் நின்ற நிலையிலிருந்து சுமையை இழுக்க அதனால் முடியாது. குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே சென்றால் அணைந்துவிடும். ஆகவே பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் பொறி நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஒரு மின்னாக்கியை இயக்குகிறது. அந்த மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களைச் சுழற்றுகிறது. மின்மோட்டார் கிளம்பும்போதே பெரும் முறுக்கு விசையைத் தரக்கூடியது. இந்தியாவில் 1962-இல் அறிமுகமான 2,600 குதிரைத்திறன் 'டபிள்யூடிஎம்-2' இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் ஆறு அச்சுகளும் இயக்கப்பட்டதால் முழு எடையும் பிடிமானமாகப் பயன்பட்டது.

மின்சார எஞ்சின்

1879-இல் பெர்லின் கண்காட்சியில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓட்டிக்காட்டிய மின்சார எஞ்சினின் திறன் 2.2 கிலோவாட், அதாவது சுமார் 3 குதிரைத்திறன். இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925-இல் பம்பாயில் ஓடியது; சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-இல் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின.

மின்சார எஞ்சின் தன் ஆற்றலைத் தானே உண்டாக்குவதில்லை. மேல்கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மின்சாரத்தைப் பெற்று, மின்மாற்றியால் குறைத்து, மோட்டார்களுக்கு அளிக்கிறது. கொதிகலனோ எரிபொருள் தொட்டியோ சுமக்க வேண்டாததால், அதே எடையில் மிகுந்த திறனைப் பெறமுடிகிறது. 'டபிள்யூஏபி-7' வகை சுமார் 123 டன் எடையில் 6,000 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. 2020-இல் சேவைக்கு வந்த இருபகுதி 'டபிள்யூஏஜி-12' சரக்கு எஞ்சினின் திறன் 12,000 குதிரைத்திறன்.

மும்முனை மோட்டார்களும் மின்னணுக் கட்டுப்பாடும் பிடிமானத்தையும் மேம்படுத்தின. சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்திலேயே கருவி அதை உணர்ந்து விசையைக் குறைத்து, வரம்பின் விளிம்பிலேயே இயங்கச் செய்கிறது. பிரேக் போடும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பித் தருகிறது.

பரவலாக்கப்பட்ட இழுவிசை

சென்னைப் பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி 2019-இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் தனி எஞ்சின் இல்லை. 16 பெட்டிகளில் பாதியின் அடியில் மோட்டார்கள் உள்ளன. பயணிகளின் எடையும் இதில் பிடிமானமாகப் பயன்படுவதால் ரயில் விரைவாக வேகமெடுக்கிறது. பெட்டிகளை அடிக்கடி கழற்றிச் சேர்க்க வேண்டிய சரக்குப் போக்குவரத்தில், எல்லாப் பெட்டிகளிலும் மோட்டார் பொருத்துவது கட்டுப்படியாகாது. அங்கு இன்றும் கனமான தனி எஞ்சின்களே இழுக்கின்றன.