முதலில் பந்து, பிறகு புல்

கால்ஃப் கிளப்பின் முகம் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் 2,000-இல் ஒரு பங்கு. அதற்குள் கை எதையும் திருத்த முடியாது. பந்து சுத்தமாகப் படுமா என்பதை முடிவு செய்வது கிளப் இறங்கி வரும் பாதைதான்.

அந்தப் பாதை ஒரு வளைவு. அதற்கு ஓர் அடிப்புள்ளி, அதாவது மிகத் தாழ்ந்த இடம், உண்டு. தரையில் கிடக்கும் பந்தை அயர்னால் அடிக்கும்போது, அடிப்புள்ளி பந்தைத் தாண்டி, இலக்கின் பக்கம் சில சென்டிமீட்டர் தள்ளி அமைய வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இது 10 செ.மீ. அளவில் இருக்கும். அதனால்தான் பந்து கிளம்பிய பிறகே அவர்களுடைய கிளப் புல்லைச் சீவுகிறது. அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்தால், கிளப் முதலில் மண்ணில் மோதும். அல்லது மேலெழும் வழியில் பந்தின் வயிற்றில் படும். ‘ஃபேட்’, ‘தின்’ என்ற இரண்டு தவறுகளுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றே.

பந்தைத் தூக்கிவிடும் ஆசையில் உடல் எடை பின்காலிலேயே தங்கிவிடுவது முக்கியக் காரணம். ஆனால் பந்தை உயர்த்துவது கிளப் முகத்தின் சாய்வுதான். 7-ஆம் எண் அயர்னில் அதுவே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். வலக்கை ஆட்டக்காரர் எடையை இடக்காலுக்கு மாற்றிக்கொண்டே கீழிறங்கி அடித்தால் போதும்.

பயிற்சிக்கு, புல்தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போடுங்கள். கோடு இரு கால்களுக்கும் நடுவே வரும்படி நின்று, பந்து இல்லாமல் அரை ஸ்விங் வீசுங்கள். கோட்டுக்கு இடப்புறம் மட்டும் புல் பெயர வேண்டும். செயற்கைப் புல் பாயில் பழகுபவர்கள் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. பாயில் முதலில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். பந்துக்குப் பின்னால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். துண்டில் பட்டால் தவறு உடனே தெரியும்.

அடுத்து, கிளப் முகத்தில் மெல்லிய பவுடர் பூசி அடித்துப் பாருங்கள். தடங்கள் நுனிப்பக்கமே விழுந்தால் பந்திலிருந்து எட்ட நிற்கிறீர்களா என்று பாருங்கள். தண்டுப்பக்கம் விழுந்தால் நெருங்கி நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

டிரைவருக்குக் கணக்கு வேறு. பந்து ‘டீ’ என்ற சிறு முளையின் மேல், இடக்குதிகாலுக்கு நேராக இருக்கும். கிளப் அடிப்புள்ளியைக் கடந்து மேலேறும்போது பட வேண்டும்.

சீரான ஆட்டம் வேண்டுமானால், பந்து எவ்வளவு தூரம் போனது என்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். புல்லில் விழுந்த வெட்டையும் கிளப் முகத்தில் விழுந்த தடத்தையும் பாருங்கள். இரண்டும் ஒவ்வொரு அடியிலும் அதனதன் இடத்தில் விழத் தொடங்கிய பிறகு வேகத்தைக் கூட்டலாம்.