கனல் வாயுவும் காந்தமும்

1989 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13 ஆம் நாள், பொழுது புலருமுன், கனடா நாட்டின் கியூபெக் மாகாணம் இருளில் மூழ்கியது. ஒன்றரை நிமிடத்தில் மின் வழங்கும் அமைப்பு முற்றாக நிலைகுலைந்தது. ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் வரை மின்சாரமின்றித் தவித்தனர். புயலோ மழையோ கம்பிகளை அறுக்கவில்லை. காரணம் 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால், சூரியனில் இருந்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு, மின்னேற்றம் பெற்ற வாயுவும் காந்தமும் ஒன்றையொன்று எவ்வாறு ஆட்டுவிக்கின்றன என்பதை நேயர்கள் அறிதல் வேண்டும்.

சாதாரணக் காற்று காந்தத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அதன் அணுக்களில் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக உள்ளன. ஆனால் வாயுவைப் பல்லாயிரம் பாகை சூடாக்கினால், அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்றுவிடுகின்றன. மின்னேற்றமுள்ள துணிக்கைகள் நிறைந்த அவ்வாயுவைப் பிளாஸ்மா என்பர். சூரியன் முழுவதும் அத்தகைய வாயுவே.

காந்தப்புலத்தைக் குறுக்கே கடக்க முயலும் துணிக்கையைக் காந்தவிசை முன்னே தள்ளுவதுமில்லை, பின்னே இழுப்பதுமில்லை, பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே இருக்கின்றது. ஆகவே அது செக்கைச் சுற்றும் எருதுபோல வட்டமிடுகின்றது. காந்தக்கோட்டின் வழியே செல்வதற்கோ தடையில்லை. இவ்விரண்டும் சேர, வெற்றிலைக்கொடி கொழுகொம்பைச் சுற்றி ஏறுவதுபோல, துணிக்கை காந்தக்கோட்டைச் சுற்றிச் சுருள்வழியே செல்கின்றது.

இஃது ஒரு பாதியே. மறு பாதியை 1942 இல் எடுத்துரைத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஹன்னஸ் அல்வேன். பிளாஸ்மா மின்னை நன்கு கடத்துவதால், அது நகரும்போது காந்தக்கோடுகளையும் உடன் இழுத்துச் செல்கின்றது. வளைந்த கோடுகளோ, முறுக்கேற்றிய வீணைத் தந்திபோல நிமிர முயன்று வாயுவை அசைக்கின்றன. அவ்வசைவு அலையாகப் பரவுகின்றது. இத்துறை ஆய்வுகளுக்காக 1970 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி, துருவப் பகுதிகளைவிட விரைவாகச் சுழல்கின்றது. அதனால் வாயுவோடு பிணைந்த காந்தக்கோடுகள் முறுக்குண்கின்றன. முறுக்கு மிகும்போது கோடுகள் அறுந்து புதிதாக இணைய, பல கோடித் தொன் வாயு தன் காந்தப்புலத்தோடு விண்வெளியில் வீசப்படுகின்றது. 1989 இல் அத்தகைய வாயுத்திரள் பூமியை அடைந்து, பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் இயல்புடையது. கியூபெக்கின் அடிநிலப் பாறை மின்னை எளிதிற் கடத்தாது. எனவே அம்மின்னோட்டம் நெடுந்தூர மின்கம்பிகளில் ஏறி, அமைப்பைச் சரித்தது.

இதே விதி ஆக்கத்துக்கும் உதவக்கூடும். ஐதரசன் அணுக்கருக்களை இணைத்துச் சத்தி பெறுவதற்கு 10 கோடி பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அதனைத் தாங்கவல்ல பாத்திரம் எதுவுமில்லை. ஆகையால் 1950களில் சோவியத் அறிஞர்கள் வளைய வடிவான கலம் அமைத்து, காந்தப்புலத்தையே சுவராக்கினர். அதற்கு டோக்காமாக் என்று பெயர். இங்கிலாந்தில் இயங்கிய அத்தகைய ஐரோப்பியக் கலம் ஒன்று, 2023 ஒக்டோபரில் 5 செக்கனில் 69 மெகாயூல் சத்தியைத் தந்தது. எரிபொருளாகச் செலவானது ஒரு கிராமின் ஐயாயிரத்தில் ஒரு பங்கே.

ஆயினும் வாயுவைச் சூடாக்கச் செலவிட்ட சத்தி, கிடைத்ததிலும் அதிகம். காந்தச் சுவர் வாயுவை அடக்குகின்றது. அடங்கிய வாயுவோ அச்சுவரையே வளைத்துத் தப்ப முயல்கின்றது. அல்வேன் கண்ட அந்த இருவழி உறவே அறிஞர்கள் இன்றும் எதிர்கொள்ளும் பெருஞ் சிக்கலாகும்.